நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் கேம் தண்டு?

சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த எமது முதல் தலைமுறையினர் வாகனம் தேடியது வேலைக்குப் போய் வருவதற்காக. உணவகச் சமையலறையில் பாத்திரங்களைக் கழுவி முடித்து, கடைசிப் பேருந்தும் போய்விட்ட நள்ளிரவில் வீடு திரும்ப ஒரு பழைய காரோ ஸ்கூட்டரோ போதுமாயிருந்தது. அவர்களின் பிள்ளைகள் தேடும் வாகனம் வேறு. கிழமை நாட்களில் தொழிற்சாலையில் நின்று உழைத்துவிட்டு, கோடைகால ஞாயிறுகளில் யூரா மலைத்தொடரையும் அல்ப்ஸ் கணவாய்களையும் கடந்து ஓடிவர அவர்களுக்குப் பெரிய மோட்டார் சைக்கிள் வேண்டும். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நெடும்பயண வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்ட இளைஞர்களைப் பீல் நகரத் தமிழரிடையேயும் காண்கிறோம்.

வண்டி வந்த சில மாதங்களில் அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது: எஞ்சினின் கேம் தண்டை மாற்றினால் என்ன? ஊரில் 'கேம் சாப்ட்' என்று நாம் அறிந்த அதே பொருள்தான். விளம்பரங்களில் இதைச் சுலபமான வேலையாகக் காட்டுகிறார்கள். பழையதைக் கழற்று, புதியதைப் பூட்டு, வண்டி பறக்கும் என்கிறார்கள். உண்மை அவ்வளவு சுருக்கமானதன்று. தவறான தெரிவினால் பணம் வீணாகும், எஞ்சின் முன்பிருந்ததை விடச் சோர்ந்துபோகும். சட்டப்படி பதியாமல் விட்டால் அதற்கு மேலான தொல்லைகளும் வரும். ஆகவே இந்தப் பொருளைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையதென எண்ணுகிறோம்.

பீல் நகருக்குப் பழக்கமான பொருள்

கேம் என்பது ஒழுங்கான வட்டமாக இல்லாத ஒரு சக்கரம். அது சுழலும்போது அதன்மேல் சாய்ந்திருக்கும் உறுப்பு, சக்கரத்தின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப உயர்ந்து தாழும். சுழற்சியை அசைவாக மாற்றுவதும், எந்தக் கணத்தில் எவ்வளவு அசைவு என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சக்கரத்தின் வடிவமே.

பீல் நகரவாசிகளுக்கு இது புதிய சங்கதி அன்று. 1880 முதல் இங்கு இயங்கிவரும் ஒமேகா நிறுவனம் 1968 இல் தனது ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரத்துக்கு ஒரு புதிய பொறியைக் கொண்டுவந்தது. ஓட்டத்தைத் தொடக்கி நிறுத்தும் வேலையை அதுவரை தூண் சக்கரம் ஒன்று செய்துவந்தது. புதிய பொறியில் அந்த வேலை கேமுக்கு வந்தது. நேரம் அளக்கும் கடிகாரங்களில் முள்ளை ஒரே கணத்தில் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுவதும் இதய வடிவிலான ஒரு சிறு கேம்தான். அண்டையிலுள்ள மூத்தியே நகரின் தொர்னோஸ், பெஷ்லர், பெற்றர்மன் ஆகிய நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய தானியங்கிக் கடைசல் இயந்திரங்கள், கணினி வருவதற்கு முன்னர், கேம்களின் கட்டளைப்படியே திருகாணிகளைக் கடைந்து தள்ளின.

வாகனத் தொழிலுக்கும் இந்நகரம் அந்நியமன்று. அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1936 முதல் 1975 வரை பீலில் கார்களைப் பொருத்தி விற்றது. இங்குள்ள பொறியியற் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய சூரியசக்திக் கார் 1990 இல் அவுஸ்திரேலியாவைக் குறுக்கறுத்து ஓடும் உலகப் போட்டியில் முதலிடம் பெற்றது.

கேம் தண்டு செய்யும் வேலை

நான்கடிப்பு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என நான்கு படிகள். இந்த நான்கும் முடிய கிராங்க் தண்டு இரு தடவை சுழலும், கேம் தண்டு ஒரு தடவை சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 தடவை, அதாவது செக்கனுக்கு 25 தடவை, திறந்து மூடுகிறது. வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரத்துக்குத் திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்ற மூன்றையும் தீர்மானிப்பது கேமின் மேடு.

இவற்றுள் நெடும்பயண வண்டிக்கு மிக முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் உள்ளெடுக்கும் வால்வு மூடும் கணம். பிஸ்ரன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பின்னரும் இந்த வால்வு சிறிது நேரம் திறந்திருக்கும். வேகமாக ஓடும் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்த கலவை தன் உந்துதலினாலேயே உள்ளே வந்துகொண்டிருப்பதால் இது நன்மை. மெதுவாக ஓடும் எஞ்சினில் அந்த உந்துதல் இல்லை. ஏறிவரும் பிஸ்ரன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். உருளையில் எஞ்சுவது குறைவு, அமுக்கமும் குறைவு, இழுவையும் குறைவு.

ஆகவே பிந்தி மூடும் கேம் உயர்ந்த சுற்றில் வலிமை தரும், தாழ்ந்த சுற்றில் வலிமையைப் பறிக்கும். முந்தி மூடும் கேம் இதற்கு எதிர்மாறு. இரண்டையும் ஒருங்கே தரும் தண்டு கடையில் இல்லை.

இன்னொன்று, இரு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவேளை. வெளியேற்றும் வால்வு மூடி முடியுமுன் உள்ளெடுக்கும் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இந்த இடைவேளை நீளமானால் மெதுவாக ஓடும்போது எரிந்த புகை உள்ளெடுக்கும் வழியில் நுழைந்து புதிய கலவையைக் கெடுக்கும். நிறுத்தச் சமிக்ஞையில் வண்டி குலுங்கி நிற்பது இதனால்தான். அந்தக் குலுக்கலைப் பலத்தின் அடையாளமாகக் கொண்டாடுவோர் உண்டு. பயணிக்கு அது தொல்லை.

'நேரே பூட்டும்' கேம் என்றால் என்ன?

யப்பானியத் தயாரிப்புகள் பெரும்பாலானவற்றிலும் இன்றைய ஐரோப்பிய வண்டிகளிலும் கேம் தண்டு உருளைத் தலையின் மேல் இருக்கிறது. ஹார்லியில் அது கீழே, வலப்பக்க மூடிக்குள் அமர்ந்து, நீண்ட தள்ளுகோல்களின் மூலம் மேலேயுள்ள வால்வுகளை அசைக்கிறது. அதனால் எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்காமலே கேமை மாற்றலாம். இத்தகைய கேம் வியாபாரம் ஹார்லியைச் சுற்றி வளர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

உருளைத் தலையைக் கழற்றாமல், வால்வின் சுருள்வில்லை மாற்றாமல், எதையும் அராவாமல் பூட்டக்கூடியதே 'நேரே பூட்டும்' கேம். 1999 இல் அறிமுகமான இரட்டைக் கேம் எஞ்சினில் இதற்கான எல்லையாக வால்வு உயர்வு ஏறக்குறைய 0.510 அங்குலம், அதாவது 13 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் சுருள்வில் முழுதாக நெரிபட்டு இறுகிவிடக்கூடும். வால்வுகள் ஒன்றோடொன்றும், பிஸ்ரனோடும் மோதும் ஆபத்தும் உண்டு. 2017 இல் வந்த எஞ்சினில் உருளைக்கு நான்கு வால்வுகள், கேம் தண்டு ஒன்றே. அதன் எல்லை வேறு. எந்த ஆண்டு வண்டி, எந்த எஞ்சின் என்று உறுதிசெய்யாமல் கேம் வாங்கலாகாது.

எண்களை வாசிக்கும் முறை

கேம் விற்பவரின் ஏட்டில் எண்கள் நிறைந்திருக்கும். அவற்றுள் நான்கைப் பார்த்தால் போதும்: உள்ளெடுக்கும் வால்வு திறக்கும் பாகை, மூடும் பாகை, திறந்திருக்கும் மொத்தப் பாகை, உயர்வு.

ஓர் உதாரணம். பிஸ்ரன் உச்சியை அடைவதற்கு 10 பாகை முன்னதாகத் திறந்து, அடியைக் கடந்து 34 பாகையில் மூடும் கேமில், மொத்தம் 10 + 180 + 34 = 224 பாகை. இன்னொன்று 22 பாகை முன்னதாகத் திறந்து 46 பாகையில் மூடுகிறது. மொத்தம் 248. இரண்டின் உயர்வும் ஒன்றாகவே இருக்கலாம். இரண்டையும் 'நேரே பூட்டும்' கேம் என்றே விற்கலாம். ஆயினும் முதலாவது மலையேறுபவருக்கு, இரண்டாவது ஓட்டப் போட்டிக்காரருக்கு.

எஞ்சினின் உட்புறத்தை மாற்றாதவர்கள், மூடும் பாகை 30 களில், அதிலும் முன்பாதியில், அமையும் கேமை நாடுவது நல்லது. 40 ஐத் தாண்டினால் இழந்த அமுக்கத்தை ஈடுசெய்ய வேறு பிஸ்ரனோ வேறு தலையோ வேண்டிவரும். அப்போது 'நேரே பூட்டும்' என்ற சொல்லுக்கே பொருளில்லை.

ஓர் எச்சரிக்கை. ஹார்லி கேம் தயாரிப்பாளர்கள் பொதுவாக டப்பெட்டுப் பக்கம் 0.053 அங்குலம் அசைந்த நிலையிலிருந்து பாகையை அளக்கிறார்கள். அதனிலும் சிறிய அசைவிலிருந்து அளந்தால் அதே கேம் காகிதத்தில் பெரிதாகத் தோன்றும். எந்த அசைவில் அளந்தது என்று கேட்காமல் இரு கேம்களை ஒப்பிடுவது, பவுணையும் கிராமையும் அருகருகே எழுதிப் பெரிய எண் எதுவென்று பார்ப்பது போன்றது.

அமுக்கமும் எரிபொருளும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்பதை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கண்ணிற்படாத காலத்தில், எமது மெக்கானிக்குகள் ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். அமுக்கம் குறைந்த எஞ்சின் அதைச் சகித்தது. அமுக்கம் கூடிய எஞ்சின் தட்டத் தொடங்கியது. அதே விதி இங்கும் செல்லும். முந்தி மூடும் கேம் உருளையின் உள் அமுக்கத்தைக் கூட்டும். ஆகவே வெயில் நாளில், பாரத்துடன், ஏற்றத்தில் தட்டும் ஒலி கேட்கிறதா என்று கவனிக்கவேண்டும். இங்கு 98 ஒக்டேன் பெற்றோல் தாராளமாகக் கிடைப்பது ஒரு வசதி.

எந்தச் சாலைக்கு எந்தத் தண்டு?

சுவிஸ் சாலைகளில் ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120 கிலோமீற்றர் என்பது எல்லை. ஆறு கியர் கொண்ட ஹார்லி நெடும்பயண வண்டி 120 இல் ஓடும்போது எஞ்சின் தோராயமாக 2800 சுற்றிலும், ஐந்தாம் கியரில் 80 இல் ஓடும்போது 2200 சுற்றளவிலும் இருக்கும். அதாவது பயணத்தின் பெரும்பகுதி 2000 க்கும் 3500 க்கும் இடையிலேயே கழிகிறது. விளம்பரப் படத்தில் கோடு உச்சத்தைத் தொடும் 5500 சுற்றுக்கு இந்நாட்டில் இடம் எங்கே?

குதிரைவலு எனும் எண் எப்படி மயக்குகிறது என்பதையும் காண்போம். முறுக்குவிசையைச் சுற்றினால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாற் கிடைக்கும். 120 நியூட்டன் மீற்றர் 2500 சுற்றில் சுமார் 31 கிலோவாற். அதே விசை 5000 சுற்றில் சுமார் 63 கிலோவாற். இழுவை கூடவில்லை, சுற்றுத்தான் இரட்டித்தது. பின்னிருக்கையில் துணைவியும் இருபுறமும் பெட்டிகளுமாக ஏற்றத்தில் ஏறுபவருக்கு வேண்டியது 2500 சுற்றிலுள்ள இழுவை. ஆகவே கடைக்காரரிடம் உச்ச எண்ணைக் கேளாமல், முழு வரைகோட்டையும் காட்டும்படி கேளுங்கள். 2000 முதல் 3500 வரையிலான பகுதியில் பழைய கோட்டுக்கு மேலே புதிய கோடு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உயரமும் கணக்கில் சேரவேண்டும். பீல் நகரம் கடல்மட்டத்திலிருந்து 430 மீற்றர் அளவில் இருக்கிறது. நகருக்குப் பின்னாலுள்ள சசெரால் சிகரம் 1600 மீற்றரைத் தாண்டுகிறது. ஃபுர்க்கா கணவாயோ 2400 மீற்றருக்கும் மேல். அங்கு காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் வலிமையும் அவ்வளவுக்குக் குறையும். கீழே சமவெளியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சோம்பல், அந்த ஊசிமுனை வளைவுகளில் பொறுக்கமுடியாததாகிவிடும். தாழ்ந்த சுற்றில் வலிமை தரும் கேமை நாம் வலியுறுத்துவது இதனாலும்தான்.

மூடியைத் திறந்தால் பார்க்கவேண்டியவை

இரட்டைக் கேம் எஞ்சினில் தண்டுகளைச் சுழற்றுவது சங்கிலி. 1999 முதல் 2006 வரையான நெடும்பயண வண்டிகளில் அந்தச் சங்கிலியை இறுக்கிப் பிடிப்பது சுருள்வில்லினால் அழுத்தப்படும் ஒரு பிளாஸ்ரிக் கட்டை. அது தேய்ந்து, துகள்கள் எண்ணெய்ப் பம்பிக்குள் போய் எஞ்சினையே கெடுத்த சம்பவங்கள் அமெரிக்காவில் பெரிதும் பேசப்பட்டவை. 2007 முதல் எண்ணெய் அமுக்கத்தில் இயங்கும் இறுக்கி வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர் கேமைப் பற்றி யோசிக்குமுன் இந்தக் கட்டையைச் சோதிப்பது முதற்கடமை. எண்ணிவைத்த பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் அது இறுக்கிக்கே போகட்டும்.

கேமின் உட்புறத் தாங்கிகளை அப்போதே மாற்றிவிடுவது வழக்கம். டப்பெட்டுகளின் உருளைகளைக் கையால் உருட்டிப் பார்க்கவேண்டும். நீளம் சரிசெய்யக்கூடிய தள்ளுகோல்களை வாங்கினால், பழைய கோல்களை வெட்டி எடுத்துவிட்டு, மேலேயுள்ள ரொக்கர் பெட்டிகளைத் திறக்காமலே வேலையை முடிக்கலாம். திருகாணிகளை அளவுக் கருவி கொண்டே இறுக்கவேண்டும். இறுதியாக எரிபொருள் அளவு. கேம் மாறினால் எஞ்சின் மூச்சிழுக்கும் முறையும் மாறும். காபரேற்றர் வண்டியில் ஜெற்றையும், மின்னணு வண்டியில் கணினிப் பதிவையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் செலவு கேமின் விலையைப் போலப் பன்மடங்காகலாம். முழுக் கணக்கையும் எழுத்தில் பெற்ற பின்னரே வேலையை ஒப்படையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பீல் மெற் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் எம்மிடம் கேட்டது இது: "உள்ளே கிடக்கும் தண்டை யார் பார்க்கப்போகிறார்கள்?" அருகிலிருந்த தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்தில் தெரிந்த கவலையை நாம் அறிவோம். இந்நாட்டில் ஒரு முத்திரைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர் அவர்.

1995 யூன் 19 இல் இயற்றப்பட்டு அவ்வாண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த வாகனத் தொழில்நுட்ப ஒழுங்குவிதியின்படி, வாகனத்தில் செய்த மாற்றத்தை உரிமையாளர் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும். மாற்றிய வாகனம் மீண்டும் சாலைக்கு வருமுன் பரிசோதிக்கப்படவேண்டும். கேம் தண்டு புகையையும் சத்தத்தையும் வலுவையும் மாற்றக்கூடியது. ஆகவே கேமை வாங்குமுன் மாநில வாகனப் பதிவகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பீல் வாசிகளுக்கு ஒர்புண்ட் பரிசோதனை நிலையம் அருகிலேயே இருக்கிறது. அளவீட்டுச் சான்று தேவையென்று சொன்னால், வாகனங்களைச் சோதித்துச் சான்று வழங்கும் நிலையமொன்றும் நகருக்கு மேலேயுள்ள வோஃப்லன் கிராமத்தில் உண்டு. அமெரிக்காவில் ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்ட பொருள் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இங்கு அனுமதியாகாது. 'போட்டிக்கு மட்டும்' என்றிருந்தால் சாலைக்கு உதவாது என்றே பொருள்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். 2021 தை முதலாம் திகதி முதல், 25 வயதைக் கடந்தவர்களும் எல்லையற்ற 'ஆ' பிரிவை நேரடியாகப் பெறமுடியாது. முதலில் 35 கிலோவாற் எல்லைக்குட்பட்ட பிரிவில் இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கவேண்டும். அந்த எல்லைக்கு இறக்கிப் பதிந்த வண்டியில் கேமை மாற்றி வலுவை ஏற்றுவது, உரிய அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவதாகவே முடியக்கூடும்.

விபத்து நேர்ந்தால் பதியாத மாற்றத்தைக் காரணங்காட்டிக் காப்புறுதி நிறுவனம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கவும் இடமுண்டு. எம்மவருக்கு இதற்கும் அப்பால் ஒரு கணக்கு இருக்கிறது. 'எவ்' அனுமதியிலிருந்து 'பி' க்கு மாறும்போதும், 2018 இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கும்போதும், விண்ணப்பதாரர் பொதுச்சட்டத்தை மதித்து நடந்தாரா என்று பார்க்கிறார்கள். ஒரு சிறு தண்டம் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று பயமுறுத்த நாம் விரும்பவில்லை. எனினும் உள்ளூர் இளைஞன் தண்டத்தைக் கட்டிவிட்டு மறந்துபோகும் விடயம், எமது பிள்ளையின் கோப்பில் ஒரு தாளாகச் சேரக்கூடும்.

இந்த விளக்கத்தைக் கேட்ட அந்த இளைஞர் கேட்ட அடுத்த கேள்வி எமக்குப் பிடித்திருந்தது: "அப்படியென்றால் இப்போது இருக்கும் கேமே எனக்குப் போதுமா?" பலருக்குப் போதும். தொழிற்சாலைக் கேம் சத்தத்துக்கும் புகைக்கும் இணங்க வடிவமைக்கப்பட்டதாயினும், தாழ்ந்த சுற்றில் அது சோம்பேறியன்று. வண்டியில் இழுவை போதவில்லை என்று உணர்பவர், வால்வுகளும் பிஸ்ரன் வளையங்களும் தேய்ந்திருக்கின்றனவா என்று அமுக்கத்தை அளந்து பார்க்கட்டும். சங்கிலி இறுக்கியைப் பார்க்கட்டும். காற்று வடிகட்டியையும் எரிபொருள் அளவையும் சரிபார்க்கட்டும். இத்தனைக்குப் பிறகும் பாரத்துடன் மலையேறுகையில் குறை தெரிந்தால், முந்தி மூடும், குறுகிய நேரம் திறக்கும், அனுமதி பெறக்கூடிய கேம் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை கராஜிலேயே கிடக்கிறான் என்று நொந்துகொள்ளுமுன் அவன் அங்கே என்ன செய்கிறான் என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் என்பது இந்நாட்டில் நான்கு ஆண்டுகள் பயின்று, கூட்டாட்சிச் சான்றிதழ் பெறும் தொழில். பாகைகளைக் கூட்டிக் கழித்து, வரைகோட்டை வாசித்து, ஒரு தண்டை ஏன் வாங்கக்கூடாது என்று காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை அந்தப் பயிற்சிக்கான பாடத்தைத் தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டான். அடுத்த பயிற்சியாண்டுக்கான இடங்களைக் கராஜ்கள் கோடைக்கு வெகு முன்னரே நிரப்பத் தொடங்கிவிடுகின்றன. விண்ணப்பக் கடிதம் எழுத விரும்புவோர் தாமதிக்கலாகாது.